முப்பத்தெட்டும் நாற்பத்திரண்டும்

அனுமந்தன்பட்டி வீடுகளின் பரணில் ஓடும் எலிக்கு விஞ்ஞானம் ஒரு காலத்தில் சூட்டியிருந்த பெயர் 'ஓஷியானியா வகை'. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் இந்த ஊருக்கும் பசிபிக் தீவுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எலியின் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் மனிதனின் பக்கத்திலிருந்து வேறொரு பதிலும் கிடைக்கும். எலி இந்தப் பக்கத்திலிருந்து போனது. மனிதன் அங்கே பார்த்துப் பெயர் வைத்தான். இந்தத் திருகலை அவிழ்த்ததில் கூண்டுகளுக்குப் பங்கு உண்டு. ஒன்றுக்கொன்று நெருங்கிய எலிகளை ஒரே கூண்டில் அடைத்து, அவை புணர்கின்றனவா, குட்டி போடுகின்றனவா, அந்தக் குட்டிகள் குட்டி போடுகின்றனவா என்று பார்த்துக் குறித்துவைத்தவர்களின் சரித்திரம் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலானது. அந்தக் குறிப்புகளில் எலிகளைவிட மனிதர்களைப் பற்றிய கவலையே அதிகம் தென்படுகிறது என்பதால்தான், விலங்கியல் படிக்காத நான் இதை எழுதத் துணிகிறேன்.

எங்கள் பக்கம் 'இது வேற ஜாதி எலி' என்பது சாதாரணப் பேச்சு. அறுவடை முடிந்த வயலில் வளை வெட்டுகிறவர் வெள்ளெலி, வயல் எலி, புல்லெலி, சுண்டெலி என்று தயக்கமில்லாமல் பிரித்துச் சொல்லிவிடுவார். மூஞ்சூறை மட்டும் எலிகளோடு சேர்த்துவிடுவார். அது கொறிக்கும் பிராணியே அல்ல, பூச்சி தின்னும் வேறு குடும்பம். (பிள்ளையாரின் வாகன விஷயத்தில் படித்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு.) 'ஜாதி' என்ற சொல் அவர் வாயில் ஏறத்தாழ தர்க்க நூல்களில் வரும் பொருளிலேயே வருகிறது: பல தனி ஜீவன்களுக்குப் பொதுவாக உள்ள தன்மை. ஆனால் வரப்பைத் தாண்டித் தெருவுக்குள் வந்ததும் அதே சொல் வேறு காரியத்தைச் செய்யத் தொடங்குகிறது. எலிக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நாம், இந்தக் கூண்டுச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள மற்றவர்களைவிட அதிகக் கடமைப்பட்டவர்கள்.

இனம் என்றால் என்ன என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் ப்யூஃபோன் கொடுத்த அளவுகோல் எளிமையானது. இரண்டு பிராணிகள் கூடிப் பெறும் சந்ததி மேலும் சந்ததி பெறுமானால் அவை ஒரே இனம். கோவேறு கழுதையைப் போல் மலடாக நின்றுவிட்டால் வெவ்வேறு இனம். எளிமையான அளவுகோல்களுக்கே உரிய ஆபத்து இதற்கும் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், முயலையும் குழிமுயலையும் கூண்டில் சேர்த்துக் கலப்புச் சந்ததி பெற்றுவிட்டதாக பிரான்சில் ஒரு செய்தி பரவியது. பால் ப்ரோகா அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தனி இனங்கள் கலந்தும் வளமான சந்ததி பெற முடியுமென்றால், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து பிள்ளை பெறுவதை வைத்து மனிதகுலம் ஒன்று என்று வாதிட முடியாது என்பது அவருடைய தர்க்கம். அவர் சார்ந்திருந்த சங்கத்தில் இந்தப் பேச்சு தர்மசங்கடத்தை உண்டாக்கவே, 1859ல் பாரிஸ் மானிடவியல் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். முயல் கூண்டில் தொடங்கி மனிதனை அளக்கும் ஒரு ஸ்தாபனத்தில் போய் முடிந்த கதை இது. அந்தக் 'கலப்பு முயல்கள்' உண்மையில் குழிமுயல்களே என்பது பிற்பாடு தெரிந்தது. சங்கம் அதற்காகக் கலைந்துவிடவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் ஆர்தர் த லீல் என்பவர் எலிகளைக் கூண்டில் அடைத்தார். லின்னேயஸ் 1758ல் பெயரிட்ட கறுப்பு எலி ஒன்று; எகிப்திலிருந்து அறியப்பட்ட, பழுப்பு முதுகும் வெளிறிய வயிறும் கொண்ட அலெக்ஸாண்ட்ரிய எலி மற்றொன்று. இரண்டும் தனித்தனி இனங்கள் என்று அப்போது புத்தகங்கள் சொல்லின. த லீல் இரண்டையும் சேர்த்துவைத்தார். அவை தயக்கமின்றிப் புணர்ந்தன, சந்ததி பிறந்தது, சந்ததிக்கும் சந்ததி பிறந்தது. 1865ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு, இரண்டும் ஒரே இனம், நிறம் மட்டுமே வேறு என்பது. முடிவு சரியானது, இன்றுவரை நிற்கிறது. கட்டுரையின் தலைப்பைத்தான் கவனிக்க வேண்டும். எலிகளிடையே ஒரு 'நீக்ரோ இனவகை' இருப்பது பற்றி என்று அது தொடங்குகிறது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒட்டிய உள்நாட்டு யுத்தம் முடிந்த வருஷம் அது. எலியின் ரோமத்தைப் பற்றி எழுதும்போதும் அவரால் மனிதத் தோலை மறக்க முடியவில்லை.

அதே கூண்டு இன்னொரு ஜோடியின் விஷயத்தில் நேர்மாறான பதிலைத் தந்தது. பெருநகரச் சாக்கடைகளில் வாழும் பழுப்பு நார்வே எலியையும் நமது வீட்டெலியையும் சேர்த்து வைத்தால் சண்டை நடக்கிறது. சில சமயம் புணர்ச்சியும் நடக்கிறது. உயிருள்ள குட்டி பிறப்பதில்லை. கரு வயிற்றுக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. பின்னாளில் பழ ஈயின் மரபியலுக்காகப் புகழ் பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன்கூட 1909ல் எலிகளின் கலப்புப் பரிசோதனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, கூண்டு பேசும் என்ற நம்பிக்கை ஸ்திரப்பட்டது. கூண்டில் சேர்ந்தால் ஓர் இனம், சேராவிட்டால் இரண்டு.

ஆனால் கூண்டில் உண்மையில் என்ன நடக்கிறது? பெண் எலி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஓர் இரவின் சில மணி நேரம் மட்டுமே ஆணை ஏற்கும். அந்த நேரத்தை ஆண் வாசனையால் அறிகிறது. மோந்து, துரத்தி, பலமுறை ஏறி இறங்கியே புணர்ச்சி பூர்த்தியாகிறது. முடிவில் ஆணின் விந்து பெண்ணின் யோனியில் கட்டியாகி ஓர் அடைப்பாக நிற்கிறது. கர்ப்பம் மூன்று வாரம். இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் மறுப்பதற்கு இடமிருக்கிறது. பெண் திரும்பி நின்று கடிக்கலாம், ஓடிவிடலாம், வாசனை பிடிக்காமல் போகலாம். 1959ல் ஹில்டா புரூஸ் சுண்டெலிகளில் கண்டது இன்னும் விசித்திரம்: கருவுற்ற சில நாட்களுக்குள் அந்நிய ஆணின் வாசனை பட்டாலே பெண்ணின் கர்ப்பம் கலைந்துவிடுகிறது. எஸ். ஏ. பார்னெட், காட்டிலிருந்து பிடித்த எலிகளை அடைத்துவைத்துப் பல வருஷம் கவனித்து, 1963ல் எலியின் நடத்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேற்றுக் குடியின் ஆண், பெரிய காயம் எதுவுமில்லாமலே, தாக்கப்படும் நெருக்கடியிலேயே சுருண்டு செத்துப்போவதை அவர் பதிவு செய்திருக்கிறார். இத்தனை நுட்பமான தேர்வுமுறை கொண்ட பிராணியிடமிருந்து ஓடும் இடம், மாற்று ஜோடி, ஒளியும் பொந்து மூன்றையும் பறித்துவிட்டு அதன் 'சம்மத'த்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறோம். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 1971ல் புலிக்கும் சிங்கத்துக்குமாகப் பிறந்த ருத்ராணி, பிறகு ஓர் ஆசியச் சிங்கத்தோடு சேர்க்கப்பட்டுக் குட்டிகளும் போட்டது. அதை வைத்துப் புலியும் சிங்கமும் ஓர் இனம் என்று யாரும் சொல்லவில்லை. எலிக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை என்று தெரியவில்லை. கூண்டு ஒரு சாத்தியத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். வெளியே அது நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் எலிகளை எண்ணிப் பெயர் பிரிக்கும் அவசரத்தை உண்டாக்கியது பிளேக். 1896ல் பம்பாய்க்குள் நுழைந்த நோய்க்காக 1905ல் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. செத்த எலிகளும் பிடித்த எலிகளும் ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்க்கப்பட்டன. 1907ல் ஹோஸாக் கல்கத்தா எலிகளைப் பற்றியும், 1909ல் ஆர். இ. லாயிட் இந்திய எலிகளின் வகைகளைப் பற்றியும் எழுதினார்கள். காம்யூவின் பிளேக் நாவலில் எலிகள் மாடிப்படியில் வந்து விழுந்து சாகின்றன. அங்கே எலி எலிதான். ஆனால் பிளேக் அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. எந்த எலி, அதன் மேல் எந்தத் தெள்ளுப்பூச்சி என்பது அவருக்கு உயிர்ப் பிரச்னை. அதுவரை இந்தியாவில் ஒன்றாக எண்ணப்பட்ட எலித்தெள்ளில் இரண்டு இனங்கள் மறைந்திருந்ததை, 1911ல் ராத்ஸ்சைல்ட் புது இனத்துக்குப் பெயர் கொடுத்தபோதுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது. கொழும்பில் 1914ல் பிளேக் புகுந்த பிறகு ஃபேபியன் ஹர்ஸ்ட் இந்த வேறுபாட்டை வற்புறுத்தினார். ஒன்று நோயைத் திறமையாகப் பரப்புவது, மற்றது அவ்வளவு திறமை இல்லாதது; சென்னை நகரம் பெருமளவு தப்பியது இரண்டாவது மிகுந்திருந்ததால் என்பது அவர் கட்சி. கம்பம் பள்ளத்தாக்கு தப்பவில்லை. இங்கே நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டியதால் ஜார்ஜும் வெப்ஸ்டரும் தனியாக ஒரு விசாரணை நடத்தினார்கள். அது 1934ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி சஞ்சிகையில் வெளியாயிற்று. நெருங்கிய இரண்டு இனங்களை ஒன்றென்று எழுதுவது புத்தகப் பிழையாக மட்டும் நிற்பதில்லை என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கும் ஒரு சாட்சி.

இதற்கிடையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1911ல் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் வந்து குவிந்த தோல்களையும் மண்டையோடுகளையும் வைத்துக்கொண்டு, மார்ட்டின் ஹின்டன் 1918லும் அடுத்த வருஷமும் இந்தியா, பர்மா, இலங்கை வீட்டெலிகளை வகைப்படுத்தினார். சத்தாரா பக்கத்துக் காட்டெலிக்கு ஒரு பெயர், நீலகிரிப் பக்கத்து எலிக்கு ஒரு பெயர் என்று கறுப்பு எலியின் கீழே வரிசையாகத் துணையினங்கள். வங்கியில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டுவைப்போம். என்றாவது சீட்டு கிடைக்கும், அன்று உரிய கணக்குக்கு மாற்றலாம் என்று. சில தொகைகள் கிளையின் மேலாளர்கள் பலர் மாறிய பிறகும் அங்கேயே கிடக்கும். துணையினம் என்ற தலைப்பை விலங்கியலின் சஸ்பென்ஸ் கணக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. ஹின்டனின் சத்தாரா எலி அங்கே எண்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

இனி ஜப்பான். மிஷிமா நகரத்துத் தேசிய மரபியல் நிலையத்தில் தொசிஹிதே யோஷிதா கறுப்பு எலிகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஜப்பானிலும் கிழக்கு ஆசியாவிலும் பிடித்தவற்றுக்கு 42. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா எலிகளுக்கு 38. முதலாவதை ஆசிய வகை என்றும் இரண்டாவதை ஓஷியானியா வகை என்றும் அழைத்தார். இலங்கையில் 40 உள்ள ஒரு வகை இருந்தது. எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் இழப்பு அல்ல, இணைப்பு. குச்சி போன்ற இரண்டு குரோமோசோம்கள் நுனியில் ஒட்டி ஒரே வளைந்த குரோமோசோம் ஆகிவிடுகின்றன. 11ம் ஜோடியும் 12ம் ஜோடியும் ஒட்டியதால் இலங்கை எலிக்கு 40. அத்தோடு 4ம் 7ம் ஒட்டியதால் மற்றதற்கு 38.

பிறகு அவரும் கூண்டுக்கே வந்தார். 42ஐயும் 38ஐயும் சேர்த்தார். புணர்ந்தன, குட்டிகள் பிறந்தன. யோஷிதாவும் சகாக்களும் 1971ல் இதை வெளியிட்டார்கள். குட்டிகளுக்குத் தாயிடமிருந்து ஒரு பாதி, தகப்பனிடமிருந்து ஒரு பாதி: இருபத்தொன்றும் பத்தொன்பதும் நாற்பது. இலங்கை எலிக்கும் நாற்பதுதான். கணக்குப் பிள்ளையின் புத்தி இங்கே ஏமாந்துவிடும். கூட்டுத்தொகை ஒத்துப்போகிறது, உருப்படிகள் ஒத்துப்போகவில்லை. இலங்கை எலியிடம் ஓர் இணைப்பு ஜோடியாக, இருபக்கமும் சமமாக இருக்கிறது. கலப்புக் குட்டியிடமோ இரண்டு இணைப்புகளும் ஒற்றையாக இருக்கின்றன. ஒவ்வோர் இணைந்த குரோமோசோமுக்கும் எதிரே இணையாத இரண்டு நிற்கின்றன. விந்தும் முட்டையும் உருவாகும் வேளையில் இந்த மூன்றும் சரியாகப் பிரிய வேண்டும். பிரியாதபோது கரு பிழைப்பதில்லை. அந்தக் குட்டிகளின் இனப்பெருக்கத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. ப்யூஃபோனின் அளவுகோலுக்கு ஆம் என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு பதில். த லீல் காலத்துக் கூண்டு தீர்ப்பு சொன்னது. மிஷிமாக் கூண்டு சந்தேகத்தைத் துல்லியமாக்கியது. இரண்டாவதுதான் எனக்கு உயர்ந்த காரியமாகப் படுகிறது.

யோஷிதா அங்கே நிற்கவில்லை. இந்திய, இலங்கை எலிகளையும் பார்த்தார். தென்னிந்திய வீட்டெலிகள் 38. இணைப்பு நடந்த களம் பசிபிக் அல்ல, இந்தியாவின் தென்பகுதி. இங்கிருந்து மேற்கே போய், ஐரோப்பாவை அடைந்து, ஐரோப்பியரின் கப்பல்களில் ஓஷியானியா சேர்ந்த எலிக்குத்தான் போய்ச்சேர்ந்த இடத்தின் பெயரை அவர் வைத்திருந்தார். இதை அவர் தம்முடைய 1980ம் வருஷத்து நூலில் விரிவாக எழுதினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2011ல் கென் ஏப்ளினும் சகாக்களும் மரபணுக்களைக் கொண்டு கறுப்பு எலிகளின் பல கிளைகளைப் பிரித்தபோதும், உலகெங்கும் பரவிய அந்தக் கிளையின் தாயகம் இந்தியத் தீபகற்பம் என்றே தெரிந்தது. ஐரோப்பிய அகழாய்வு எலும்புகளைக் கொண்டு 2022ல் வெளிவந்த ஆய்வு, ரோமாபுரியின் காலத்தில் ஒருமுறையும் மத்திய காலத்தில் மறுபடியும் இந்த எலி ஐரோப்பாவுக்குள் வந்ததைக் காட்டுகிறது. மிளகு போன வழிதான். மிளகைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். கூடப் போனவனைப் பற்றிப் பேசுவதில்லை.

கதையின் முக்கியமான திருப்பம் கூண்டுக்கு வெளியே நடந்தது. 1973ல் லக்கோட்டியாவும் ராவும் ஜன்வாரும் இந்தியாவின் தென்மேற்குப் பகுதியில் 38 குரோமோசோம் எலியும் 42 குரோமோசோம் எலியும் ஒரே வட்டாரத்தில் வாழ்வதைக் கண்டு எழுதினார்கள். இந்த 42, ஜப்பானிய 42 அல்ல என்பது பிற்பாடுதான் விளங்கியது; எண் ஒத்துப்போவதால் உருப்படி ஒத்துப்போக வேண்டியதில்லை என்ற பாடம் மறுபடியும். 2011ல் வந்த ஓர் ஆய்வு உடலமைப்பு, குரோமோசோம், மரபணு மூன்றையும் வைத்துப் பார்த்து, இவை பக்கத்தில் பக்கத்தில் வாழும் இரண்டு தனி இனங்கள் என்று காட்டியது. தடுக்க வேலி இல்லை, கூண்டு இல்லை. ஓர் இரவு நடந்தால் சேர்ந்துவிடும் தூரம். இருந்தும் 38 வீட்டையும் தோட்டத்தையும், 42 காட்டு மரத்தையும் வைத்துக்கொண்டு தனித்தனியே குடும்பம் நடத்துகின்றன. வேறு இடங்களில் நிலைமை வேறு. தென்கிழக்காசியக் கறுப்பு எலிகளில் தாய்வழி மரபணு ஒரு வம்சத்தைக் காட்ட, உட்கருவின் மரபணு இன்னொன்றைக் காட்டுகிறது. அங்கே எப்போதோ எல்லை தாண்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சிலர் உற்சாகமடைந்து, பார்த்தீர்களா, இயற்கையே ஜாதியைக் கடைப்பிடிக்கிறது என்று தொடங்குவார்கள். வேறு சிலர் தென்கிழக்காசிய எலியைக் காட்டி, இயற்கையே கலப்பை விரும்புகிறது என்பார்கள். இரண்டும் ப்ரோகாவின் முயல்கூண்டு வாதத்தின் உள்ளூர்ப் பதிப்புகள். எலியின் எல்லை எலிக்குள் இருக்கிறது. அதன் மூக்கில், அதன் குரோமோசோமில். மனிதனுக்கு எல்லோருக்கும் 46. ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களும் 73 சமூகத்தவரின் மரபணுக்களை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 4,200 வருஷத்துக்கு முன்னிருந்து 1,900 வருஷத்துக்கு முன்வரை இங்கே பெருங்கலப்பு நடந்தது, பிறகு அகமணம் இறுகியது என்கிறது. கலந்தவர்களை அப்புறம் பிரித்து அடைத்திருக்கிறோம். த லீல், கூண்டில் அடைத்துச் சேர்த்துவைத்தார். நாம் கூண்டில் அடைத்துச் சேரவிடாமல் வைத்திருக்கிறோம். திருமண அழைப்பிதழ்களும், தெருக்களின் பெயர்களும், சமயத்தில் ரயில் தண்டவாளத்தில் கிடக்கும் உடல்களும் அந்தக் கூண்டின் கம்பிகள். இதில் எலியிடம் கற்க ஒன்றுமில்லை. எலிக்கு நம்முடைய சொல்லைக் கொடுத்ததுதான் குழப்பம்.

ஹின்டன் எந்த எலியையும் கூண்டில் வைத்துப் பார்த்தவரல்லர். லண்டன் மியூசியத்தில் உட்கார்ந்து, காய்ந்த தோல்களையும் மண்டையோடுகளையும் வைத்துத்தான் சத்தாரா எலியைத் தனியாக எடுத்துவைத்தார். உலகப் பாலூட்டிகளின் பட்டியல் 2005ல் அதைத் தனி இனமாகக் கணக்கு மாற்றியது. 2011ல் அதன் 42 குரோமோசோம்களும் பதிவாகிவிட்டன. மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் 1948ல் பிடித்த ஒரு வௌவாலும் இப்படித்தான், சாதாரணப் பழந்தின்னி வௌவாலின் சீட்டோடு மியூசிய இழுப்பறையில் கிடந்தது. 1972ல் தாய்லாந்தைச் சேர்ந்த கித்தி தொங்லொங்யா இழுப்பறையைத் திறந்து பார்த்து, அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்று கண்டு, சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். அனுமந்தன்பட்டியிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிவது அந்த மலைதான்.